நாற்பது பக்க நோட்டும் ஒரு தெர்மாமீட்டரும்

மார்பில் இருக்கும் கட்டி புற்றுநோய்தான் என்று சதை டெஸ்ட் ரிப்போர்ட் சொன்ன அன்றைக்கு வீட்டில் எழும் முதல் பேச்சு, "நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடலாம்" என்பது. வடசென்னையில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி, எந்தத் தெருவிலும் இதே வசனம்தான். பயத்தில் வரும் அவசரம் அது. அந்தக் கட்டி நேற்று ராத்திரி முளைத்ததில்லை. கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளர மாதங்கள், பல சமயம் வருடங்களே ஆகியிருக்கும். ரிப்போர்ட் முழுசாக வந்து, எது முதலில் எது பின்னால் என்று தீர்மானிக்க இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டால் குடி முழுகிப்போகாது. மூன்று நான்கு மாதம் இழுத்தடித்தால் முழுகும்.

அந்த இரண்டு வாரத்தில் இரண்டு பொருள் வாங்கிவிடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். எம்.சி. ரோடு பக்கம் போகிற வழியில் வாங்கினாலும் மொத்தச் செலவு பெரிதாக வராது. "முடியல டாக்டர்" என்று சொன்னால் ஓபி கூட்டத்தில் ஆறுதல் கிடைக்கும். "நேத்து நாலு வாந்தி, ஒண்ணுக்கு ரெண்டே தடவைதான் போனேன், ஜுரம் 99.2" என்று நோட்டைப் பார்த்துச் சொன்னால் மருந்து மாறும். இந்தச் சிகிச்சையில் பக்கவிளைவு எல்லாமே அளவில்தான் பேசும்.

முதலில் ரிப்போர்ட். மெல்லிய ஊசியில் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. மட்டும் போதாது. அதில் செல்கள் மட்டும் கிடைக்கும். நோய் என்ன வகை என்று சொல்ல, தடித்த ஊசியில் சதைத் துண்டாக எடுக்கும் ட்ரூகட் பயாப்ஸி வேண்டும். "கட்டியை எடுத்துடுவோம், அப்புறம் டெஸ்டுக்கு அனுப்பிக்கலாம்" என்று சொல்லி எடுத்துவிடுகிற இடங்கள் உண்டு. அப்படி எடுத்தால் சுற்றிலும் ஓரம் விட்டு எடுத்திருக்க மாட்டார்கள், தழும்பு தப்பான இடத்தில் விழும், இன்னொரு ஆபரேஷன் கட்டாயமாகும், முதலில் மருந்து கொடுத்துக் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கும் வாய்ப்பும் போய்விடும்.

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் நீளமான பெயரைப் பார்த்துப் பயப்படுவதை விட்டுவிட்டு மூன்று வரியைத் தேடுங்கள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. முதல் இரண்டும் ஹார்மோன் வரிகள், சதவீதத்தில் வரும். ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்தாலே பாசிட்டிவ் என்று கணக்கு. ஆனாலும் 5 சதவீதமும் 90 சதவீதமும் ஒன்றில்லை. 90 என்றால் ஹார்மோன் மாத்திரை நன்றாகப் பிடிக்கும், 5 என்றால் நம்பகம் குறைவு. ஹெர்-2 என்பது செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம், அந்த வரி 0, 1+, 2+, 3+ என்று வரும். 0-வும் 1+-ம் நெகட்டிவ், 3+ பாசிட்டிவ். 2+ என்று வந்தால் உங்கள் கையில் இருப்பது பாதி ரிப்போர்ட். ஃபிஷ் என்ற இன்னொரு டெஸ்ட் செய்தால்தான் முடிவு தெரியும். அது வராமல் சிகிச்சைத் திட்டம் போட்டால், ஒரு வருடம் போட வேண்டிய ஹெர்-2 ஊசி தவறிப்போகலாம், அல்லது தேவையில்லாமல் போடப்படலாம். மூன்றும் நெகட்டிவ் என்றால் 'டிரிப்பிள் நெகட்டிவ்'. அதற்கு மாத்திரை வழி கிடையாது, கீமோதான் பிரதான ஆயுதம்.

இன்னொரு டாக்டரிடம் கேட்க நினைத்தால் காகிதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். லேப்பில் 'பிளாக்'கும் ஸ்லைடும் எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். பிளாக் என்பது மெழுகில் பதித்த உங்கள் சதை. கொடுத்த தேதி, வாங்கியவர் பெயர் எல்லாம் நோட்டில் இருக்கட்டும். பிளாக் தொலைந்தால் மறுபடி ஊசிக் குத்துதான்.

அடுத்தது வரிசை. ஹெர்-2 பாசிட்டிவ் அல்லது டிரிப்பிள் நெகட்டிவ் ஆக இருந்து, கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ, கீமோவை முதலில் கொடுத்துவிட்டு ஆபரேஷனைப் பின்னால் வைப்பது இப்போதைய வழக்கம். "ஆபரேஷனைத் தள்ளிப் போடுறாங்களே, ஏதோ முத்திப் போச்சு போல" என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. மருந்துக்குக் கட்டி எப்படிப் பணிகிறது என்று கண்ணால் பார்க்க முடிவதுதான் காரணம். முழுசாகக் கரைந்ததா, மிச்சம் இருக்கிறதா என்பதை வைத்து ஆபரேஷனுக்குப் பின் என்ன மருந்து என்பது மாறும். இதில் ஒன்றை மட்டும் மறக்காமல் கேட்க வேண்டும்: கீமோ தொடங்கும் முன் கட்டிக்குள் உலோக கிளிப் வைப்பீர்களா? அரிசி மணியைவிடச் சின்னது. கட்டி கரைந்து காணாமல் போய்விட்டால், சர்ஜன் எந்த இடத்தை எடுப்பது என்பதற்கு அந்தக் கிளிப்தான் அடையாளம். மார்பை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது.

"முழுசா எடுத்துட்டா திரும்ப வராதுல்ல, டாக்டரம்மா?" இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில்: உயிர் தப்பும் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். கட்டியை மட்டும் ஓரம் விட்டு எடுத்து, மீதி மார்புக்குக் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்தவர்களையும் முழு மார்பையும் எடுத்தவர்களையும் இருபது வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளின் முடிவு 2002-இலேயே வந்துவிட்டது. இறப்பில் வித்தியாசம் இல்லை. அதே மார்பில் திரும்ப வரும் வாய்ப்பு மட்டும் கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்குச் சற்று அதிகம். கரண்ட் வைக்காமல் விட்டால் அது இன்னும் ஏறும். பத்து வருடத்தில் ஏதோ ஒரு வகையில் திரும்ப வருவது கரண்ட் இல்லாதவர்களில் நூற்றுக்கு 35, வைத்தவர்களில் 19.

ஆகவே மார்பைக் காப்பாற்றும் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பது கரண்டுக்கும் சேர்த்துச் சம்மதிப்பது. இப்போது அது பெரும்பாலும் 15 தடவை, திங்கள் முதல் வெள்ளி, மூன்று வாரம். சிலருக்கு எடுத்த இடத்துக்கு மட்டும் இன்னும் சில தடவை. ஒரே வாரத்தில் ஐந்து தடவையில் முடிக்கும் முறையும் 2020-க்குப் பின் சில இடங்களில் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். தினமும் போய்வர முடியுமா என்பது இங்கே மருத்துவக் கேள்வியே. விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கினால் ஜிஹெச் (அரசு பொது மருத்துவமனை) எதிரிலேயே. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் என்றால் அதே வண்டியில் சின்னமலை வரை மாறாமல் போய் அங்கிருந்து ஆட்டோ. 2021-இல் இந்தப் பாதை திறப்பதற்கு முன், "அவ்வளவு தூரம் யாரு தினம் அலையறது, எடுத்தே விட்டுடுங்க" என்று சொல்ல ஒரு நியாயம் இருந்தது. இப்போது அந்தக் காரணம் பாதியாவது குறைந்திருக்கிறது. ஆனால் முழு மார்பை எடுத்தால் கரண்டே வேண்டாம் என்றும் எண்ணாதீர்கள். கட்டி பெரிதாக இருந்தாலோ நெறிகளில் நோய் இருந்தாலோ எடுத்த பிறகும் வைப்பார்கள். இதைத் தெரியாமல் மார்பைக் கொடுத்துவிட்டு, அப்புறம் கரண்டுக்கும் அலைவது வீண் வருத்தம். எழுபது வயதுக்கு மேல், சின்னக் கட்டி, ஹார்மோன் பாசிட்டிவ், நெறி சுத்தம் என்றால் கரண்டைத் தவிர்த்து மாத்திரையோடு நிறுத்துவதும் பேசத்தக்க வழி.

அக்குள் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கலாம். பரிசோதனையில் நெறி இல்லை என்றால், 'சென்டினல்' என்ற காவல் நெறிகள் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பார்ப்பது போதும். அத்தனையையும் வழித்து எடுத்தால் கை வீங்கும் வாய்ப்பு சுமார் ஐந்தில் ஒருவருக்கு. காவல் நெறி மட்டும் என்றால் இருபதில் ஒருவர் கணக்கு. "எதற்கும் எல்லாத்தையும் எடுத்துடுவோம்" என்பதன் விலையைப் பிற்பாடு கை கொடுக்கும்.

கீமோ வேண்டுமா என்று தயங்கும் இடத்தில் சதவீதம் ஏமாற்றும். "திரும்ப வர்றது முப்பது சதவீதம் குறையும்" என்றால், எதில் முப்பது என்று கேளுங்கள். நூறு பேரில் 40 பேருக்குத் திரும்பி வரக்கூடிய நிலை என்றால் 12 பேர் தப்புகிறார்கள். 6 பேருக்கு மட்டும் வரக்கூடிய நிலை என்றால் கிட்டத்தட்ட 2 பேர் தப்ப, நூறு பேரும் முடி கொட்டி வாந்தி எடுக்கிறார்கள். முதல் கணக்கில் என் கட்சி கீமோ. இரண்டாவதில், ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், நெறி சுத்தம் என்றால், கட்டியின் மரபணுக்களைப் பார்த்துக் கீமோவின் பலனை ஊகிக்கும் டெஸ்டைப் பற்றிப் பேசலாம். விலை அதிகம். முடிவை மாற்றாது என்றால் அந்தப் பணம் வீண், ஆகவே "ரிசல்ட் எப்படி வந்தாலும் நீங்க கீமோதான் சொல்வீங்களா?" என்பதை முதலில் கேட்டுவிடுங்கள்.

பணம் என்றதும் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில், சிங்காரவேலர் மாளிகையில் போட்டோ எடுத்து அட்டை வாங்கலாம். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு எழுத்து என்று இருந்தால் அங்கேயே ஒரு வாரம் போகும். அதனால் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நாளிலேயே இதை முடியுங்கள். முன் அனுமதி வந்த பிறகுதான் சிகிச்சை. கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் கேட்டால் திரும்பி வராது. கீமோவுக்கு எத்தனை தடவை, ஹெர்-2 ஊசி சேர்த்தியா, கரண்ட் தனியா என்று காப்பீட்டு மேஜையில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது கூடவே ஒரு டிரெய்ன் டப்பா வரும். நோட்டின் முதல் உருப்படியான வேலை இங்கேதான். மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த பிளாஸ்டிக் டப்பா, அமுக்கி விட்டால் மெல்ல விரிந்துகொண்டே உள்ளிருக்கும் நீரை உறிஞ்சும். தினமும் ஒரே நேரம், காலை ஏழு மணி என்று வையுங்கள். சோப்பு போட்டுக் கை கழுவி, குழாயில் இருக்கும் கிளிப்பை மூடி, டப்பாவின் மூடியைத் திறந்து அளவுக் குவளையில் ஊற்ற வேண்டும். எத்தனை மி.லி., என்ன நிறம் என்று எழுத வேண்டும். பிறகு டப்பாவைத் தரையில் வைத்துத் தட்டையாக அமுக்கி, அமுக்கிப் பிடித்தபடியே மூடியைப் போட வேண்டும். கையை எடுத்துவிட்டு மூடினால் காற்று புகுந்துவிடும், டப்பா உப்பி நிற்கும், உறிஞ்சாது. நீர் தோலுக்கு அடியில் தேங்கும். கடைசியாகக் குழாய் கிளிப்பைத் திறக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பாதிப் பேர் மறக்கிறார்கள். மறுநாள் "வெறும் 5 மி.லி.தான், நல்லா ஆயிடுச்சு" என்று சந்தோஷப்படுவார்கள், மார்பில் கை வைத்தால் தண்ணீர் பை போலக் குலுங்கும்.

முதல் நாள் 150, 180 என்று சிவப்பாக வரலாம். நாள் ஆக ஆக இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறம். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்; அதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். குறைந்துகொண்டு வந்தது திடீரென்று பளிச்சென்ற ரத்தமாக ஏறினாலோ, குழாய் சுற்றிலும் சிவந்து சீழ் வாடை வந்தாலோ அன்றே காட்டுங்கள். டப்பா எப்போதும் காயத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். பாட்டி காலத்துச் சுருக்குப் பை ஒன்றை இடுப்பில் கட்டி அதில் போட்டுக்கொண்டால் கை வீசி நடக்கலாம். நைட்டியில் சேப்டி பின் குத்தித் தொங்கவிடுகிறவர்கள் குழாயை ஓட்டை போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையைக் கட்டிப் போட்டது போல் வைத்திருப்பது தப்பு. மறுநாளே விரல் மடக்கி விரிப்பது, முழங்கை மடக்குவது. டிரெய்ன் எடுக்கும் வரை தோளுக்கு மேல் தூக்க வேண்டாம். எடுத்த பின் சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மெல்ல ஏற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினால், வாரா வாரம் கோடு ஏறுவது தெரியும். அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு போல் ஒன்று இழுத்துப் பிடித்தால் அது நரம்பு அறுந்ததல்ல. நிணநீர்க் குழாய் இறுகியது. பிஸியோதெரபியில் சரியாகும்.

கீமோவில் அதிகம் பார்க்கும் வரிசை: சிவப்பு மருந்தும் அதனோடு இன்னொன்றும் 21 நாளுக்கு ஒரு முறை நான்கு தடவை, பிறகு பாக்லிடாக்ஸல் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. கிட்டத்தட்ட ஐந்தரை மாதம். சிவப்பு மருந்து ஏறிய ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தமில்லை. ஆனால் ஏறும்போதே ஊசி இடத்தில் எரிந்தால் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள். நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த மருந்து சதையைப் புண்ணாக்கிவிடும். "பிசியா இருக்காங்க, முடியட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொள்ளும் மரியாதை இங்கே வேண்டாம். கை நரம்பு கிடைக்காதவர்களுக்கு, ஆபரேஷன் ஆகாத பக்கத்தில் தோலுக்கு அடியில் போர்ட் என்ற, மருந்து ஏற்றும் சின்ன டப்பா வைப்பது உண்மையில் சௌகரியம்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுவது மழை வந்த பின் கூரை வேய்வது. எழுதிக் கொடுத்த நாட்களுக்கு, குமட்டல் இல்லாவிட்டாலும் நேரத்துக்குப் போட வேண்டும். இரவில் ஓலன்சபின் கொடுத்தால் தூக்கம் அசத்தும். காலையில் தள்ளாட்டம் இருக்கிறது என்று சொன்னால் அளவைக் குறைப்பார்கள், நல்ல மருந்து, நிறுத்திவிடாதீர்கள். ஒண்டான்செட்ரான் மலத்தைக் கட்டும். மூன்றாம் நாள் வயிறு உப்பி "கீமோ ஒத்துக்கல" என்று நினைப்பது பெரும்பாலும் இதுதான். கூட வரும் ஸ்டீராய்டு, சர்க்கரைக்காரர்களுக்கு இரண்டு மூன்று நாள் சர்க்கரையை 300-க்கு மேல்கூடத் தூக்கலாம், அந்த நாட்களில் விரலில் குத்திப் பார்த்து எழுதுங்கள்.

இப்போது தெர்மாமீட்டர். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் தரையைத் தொடும். இந்த நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஜுரம் 100.4 டிகிரி தொட்டால், ராத்திரி இரண்டு மணியானாலும் எமர்ஜென்சி வார்டு. காலை ஓபிக்குக் காத்திருப்பது கிடையாது. அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளக் கூடாது. போட்டால் ஜுரம் இறங்கும், கிருமி இறங்காது. சீழ் பிடிக்க வெள்ளை அணுவே இல்லாததால் வேறு அறிகுறியும் தெரியாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆகட்டும், வேறெங்காவது ஆகட்டும், உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "கீமோ போட்டு பத்தாவது நாள், ஜுரம் 101." வெறும் "ஜுரம்" என்றால் வைரல் ஜுர வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டிய நோய் இது. கீமோ சீட்டின் ஜெராக்ஸ் ஒன்று நோட்டிலேயே ஒட்டியிருக்கட்டும். வண்டி இல்லையென்றால் 108.

ஒவ்வொரு தடவைக்கும் முன் ரத்தம் பார்ப்பார்கள். மொத்த வெள்ளை அணு 3,200 என்று வந்தால் "மூவாயிரத்துக்கு மேல இருக்கே" என்று திருப்திப்படாதீர்கள். அதில் கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் வகை எத்தனை சதவீதம் என்று பார்த்துப் பெருக்க வேண்டும். 40 சதவீதம் என்றால் 1,280. பல இடங்களில் 1,500-க்குக் கீழே என்றால் ஒரு வாரம் தள்ளுவார்கள். வெள்ளை அணு ஏற்றும் ஊசி எழுதியிருந்தால், கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துப் போட வேண்டும். மெடிக்கல் ஷாப்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வாங்கி வந்து ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஃபிரீஸரில் வைத்து உறைந்தால் குப்பைதான். அதன் பிறகு இடுப்பும் முதுகும் எலும்போடு விண்விண் என்று தெறிப்பது ஊசி வேலை செய்வதன் வலி. பப்பாளி இலைச் சாறு, முள்சீத்தா இலைக் கஷாயம், யாரோ கொடுத்த லேகியம், எதையும் இந்த மாதங்களில் சேர்க்க வேண்டாம். கல்லீரல் எண் ஏறினால் எதனால் என்றே தெரியாமல் கீமோ நின்றுபோகும். குடித்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மஞ்சள் குழம்பில் போட்டுக்கொள்ளலாம், கேப்சூலாக வேண்டாம்.

சாப்பாட்டில் பத்தியம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. காசிமேட்டு மீன் தாராளமாகச் சாப்பிடலாம், கொதித்த குழம்பாக, அன்றைக்கு வைத்ததாக. புரதம் வேண்டும், முட்டை முழுதாக வெந்ததாக. அந்த வட்டம் போட்ட நாட்களில் பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்), தோல் சீவிய பழத் துண்டுகளும், ரோட்டோரச் சட்னியும் வேண்டாம். லாரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ, குமிழி வரக் கொதிக்க வைத்து ஆற்றியதுதான். வாய்ப் புண்ணுக்கு ஒரு லிட்டர் ஆறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. நாளைக்கு ஐந்தாறு தடவை கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்பிரிட் கலந்த கடை மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும்.

முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும், சிகிச்சை முடிந்தால் முளைக்கும். முன்பே கட்டையாக வெட்டிக்கொண்டால் தலையணையில் பார்க்கும் அதிர்ச்சி குறையும். அவ்வளவுதான்.

பாக்லிடாக்ஸலில் கவனிக்க வேண்டியது விரல். மதமதப்பு பெரும்பாலோருக்குக் கொஞ்சம் வரும். பிளவுஸ் ஹூக் மாட்ட முடியவில்லை, கோலப்பொடி விரலிடுக்கில் நிற்கவில்லை, செருப்பு கழன்றது தெரியவில்லை என்ற கட்டம் வந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லியாக வேண்டும். அளவைக் குறைப்பார்கள் அல்லது இடைவெளி விடுவார்கள். "இன்னும் மூணுதான், பல்லைக் கடிச்சுக்கலாம்" என்று விட்டால் மதமதப்பு வருடக்கணக்கில் தங்கும். வைட்டமின் மாத்திரைகள் பட்டை பட்டையாக வரும். அந்த எரிச்சல் வலிக்குப் பலன் நிரூபணமான மருந்து டுலாக்சிடின். டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லிவிட்டே வாங்க வேண்டும், ஒன்றின் வேலையை மற்றொன்று குறைக்கக்கூடும்.

ஹெர்-2 ஊசி மூன்று வாரத்துக்கு ஒன்று, ஒரு வருடம். முடி கொட்டாது, வாந்தி பெரிதாக வராது, ஆனால் இதயத்தைப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ, அதாவது இதய ஸ்கேன். அதில் வரும் ஈ.எஃப். சதவீதத்தை (ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தத்தின் பங்கு) வரிசையாக எழுதி வந்தால் 62, 60, 51 என்று சரிவது உங்களுக்கே தெரியும். சரிந்தால் ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்துவார்கள்; பெரும்பாலும் மீண்டு வரும்.

கரண்டின் தோல் பாதிப்பு கடைசி நாளோடு நிற்காது. முடிந்த பிறகு ஒன்றிரண்டு வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். கத்திரி வெயிலில் மார்புக்கு அடியில் வியர்வை தேங்கும் மடிப்பில்தான் முதலில் தோல் உரியும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, தேய்க்காமல் ஒற்றி எடுப்பது, பழைய பருத்திச் சட்டை. பவுடர், சந்தனம், மஞ்சள் எதுவும் பூசக் கூடாது. கம்பி வைத்த பிராவை மாதக்கணக்கில் மறந்துவிடுங்கள். போட்டுவிட்ட மைக் கோடுகளைத் தேய்த்து அழித்தால் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று வீடே மூச்சு விடும்போது ஆரம்பிப்பது மாத்திரை. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு டமாக்சிஃபென் 20 மி.கி., நின்றவர்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் 2.5 மி.கி. குறைந்தது ஐந்து வருடம். விலை குறைந்த இந்தச் சின்ன மாத்திரையை இரண்டாம் வருடத்தில் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. டமாக்சிஃபென் ஐந்து வருடம் சாப்பிட்டால் இந்த நோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பதினைந்து வருடம் வரை அந்தப் பலன் தொடர்கிறது. லட்ச ரூபாய் மருந்துக்கு அலைகிறவர்கள் இதை விடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

டமாக்சிஃபெனில் உடம்பு திடீரென்று தீ போல எரிந்து வியர்க்கும். சென்னையில் அது வெயிலா மாத்திரையா என்று பிரிப்பதே பாடு. ராத்திரி பதற வைத்து எழுப்பினால் மாத்திரை. இதற்கென்று மனநல மருந்து எழுதும்போது பராக்ஸிடின், ஃப்ளூஆக்ஸிடின் வேண்டாம், வென்லாஃபாக்ஸின் பரவாயில்லை. மாதவிடாய் நின்றவருக்கு மறுபடி ரத்தம் கசிந்தால் ஒரு சொட்டானாலும் ஸ்கேன். ஒரு கால் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தால் அன்றே ஆஸ்பத்திரி. கர்ப்பம் கூடாது, தடுப்புக்கு ஹார்மோன் மாத்திரையும் கூடாது. காப்பர்-டி அல்லது உறை. குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் கருமுட்டை சேமிப்பதைக் கீமோவுக்கு முன்னரே பேசிவிட வேண்டும்.

நாற்பது, நாற்பத்திரண்டு வயதில் கீமோவால் மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது நின்றது போலத் தெரிந்தாலும் சினைப்பை தூங்கிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் லெட்ரோசோலை மட்டும் தனியாகக் கொடுத்தால் சினைப்பையை உசுப்பிவிடும், மாத்திரை வேலை செய்யாது. ஹார்மோன் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் சினைப்பையை அடக்கும் ஊசி, அதன் பிறகே அது.

லெட்ரோசோலின் தொல்லை மூட்டு. காலையில் எழுந்ததும் விரல் மடங்காது, மாடிப்படி இறங்கும்போது முட்டி பிடிக்கும். நடப்பதுதான் பெரிய மருந்து. கன்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலையில் நடக்கச் சொல்லவில்லை, மொட்டை மாடி போதும். அப்படியும் தாங்கவில்லை என்றால் இரண்டு மூன்று வாரம் நிறுத்தி, அதே குடும்பத்து வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். பலருக்கு அதிலேயே தீரும். எலும்பு தேய்வதைப் பார்க்க தொடக்கத்திலேயே டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி. ஆறு மாதத்துக்கு ஒரு எலும்பு ஊசி எழுதினால், போடும் முன் சொத்தைப் பல்லைப் பிடுங்கி முடித்துவிடுங்கள். ஊசிக்குப் பின் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. பெண்ணுறுப்பு வறட்சியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களாகச் சொன்னால் நீர்ச்சத்துள்ள ஜெல் இருக்கிறது. வருடம் ஒரு மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) போதும். தொந்தரவு எதுவும் இல்லாமல் உடம்பு முழுக்கப் பார்க்கும் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதில் ஆயுள் கூடுவதில்லை.

கடைசியாகக் கை. நிறைந்த பிளாஸ்டிக் குடம் சுமார் 15 கிலோ. லாரி வந்து நிற்கும்போது ஆபரேஷன் ஆன பக்கத்து இடுப்பில் அதை ஏற்றுவது பழக்க தோஷம். முதல் ஆறு வாரம் அறவே கூடாது. அதன் பிறகும் ஒரேயடியாகக் குடத்துக்குப் போகாமல் ஒரு லிட்டர் பாட்டில், அரை வாளி என்று வாரா வாரம் ஏற்றினால் கை பழகும். கையைச் சும்மா வைத்திருந்தாலும் வீங்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு கையையும், முழங்கை மடிப்பிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே ஓரிடம், கீழே ஓரிடம் டெய்லர் டேப்பால் அளந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பிறகு மாதம் ஒரு தடவை. 2 சென்டிமீட்டர் கூடினாலோ, வளையல் ஒரு பக்கம் மட்டும் இறுகினாலோ, கை நீளத்துக்கும் இறுக்கும் அழுத்த உறை போட்டால் அடங்கும் கட்டம் அது. விரலால் அமுக்கினால் குழி விழாத அளவுக்குக் கெட்டியான பிறகு அடங்காது.

மீன் ஆயும்போது அந்தக் கையில் ரப்பர் கையுறை. அருவாமனைக் கீறல், கெளுத்தி முள், இறால் கொம்பு, எது குத்தினாலும் உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வையுங்கள். நெறி எடுத்த கையில் கிருமி புகுந்தால் சில மணி நேரத்தில் தோல் சிவந்து, சூடேறி, குளிர் ஜுரம் அடிக்கும். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, நேரத்தை எழுதி, அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். கோட்டைத் தாண்டிப் பரவியிருந்தால் மாத்திரை போதாது, ஊசி.